இளம் உயிர்களும் தீநுண்மியும்: கேட்கப்படாத ஒரு கேள்வி

2020-ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரத்தில் சென்னை கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை சுமந்தும் கடைகளில் கூலி வேலை செய்தும் பிழைத்து வந்த தொழிலாளர்கள் விழுப்புரம், கடலூர், அரியலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களிலுள்ள தங்கள் ஊர்களுக்குக் கிடைத்த லாரிகளில் ஏறித் திரும்பினார்கள். அவர்களோடு கரோனா தீநுண்மியும் வந்து சேர்ந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி அப்போது ஆறு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. தொற்று உறுதியானவர்களில் பலர் உழைத்து உரமேறிய உடல்கொண்ட இளைஞர்கள். பெரும்பாலானோருக்கு இருமலோ காய்ச்சலோகூட இல்லை. சில நாள்கள் தனிமைப்படுத்தப்பட்டு, நலமாக வீடு திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு இரண்டாம் அலை வந்தபோது காட்சி மாறியது. தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூரைச் சுற்றியுள்ள கிராமங்களானாலும், தமிழகத்தின் வேறு எந்தப் பகுதியானாலும், அந்த ஆண்டை நினைவுகூரும் எவரிடமும் ஒரு கதை இருக்கும். சர்க்கரை நோய் இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, உடல் பருமன் இல்லை, வயது முப்பதைத் தொடவில்லை. ஆனாலும் ஒரு வாரத்தில் மூச்சுத் திணறல், தீவிர சிகிச்சைப் பிரிவு, பிறகு மரணம். அதே வீட்டில் இருந்த எழுபது வயதுத் தந்தை பிழைத்துக்கொண்டார். 'விதி' என்று சொல்லி நாம் அந்தக் கதையை முடித்துவிடுகிறோம்.

விதி என்ற சொல்லால் துக்கத்துக்கு ஆறுதல் கிடைக்கலாம். ஆனால், அது கேள்வியை மூடிவிடுகிறது. அந்தக் கேள்வியை மூடிவிடக் கூடாது என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு: இறந்தவருக்கு உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள்.

தீநுண்மித் தொற்றில் வயதே மிகப் பெரிய காரணி. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் கரோனா உறுதியான 84,965 பேர், அவர்களோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேர் ஆகியோரின் தரவுகளை ஆராய்ந்து 2020-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 5 முதல் 17 வயது வரையிலான நோயாளிகளில் இறப்பு விகிதம் 0.05 சதவீதம், 85 வயதைக் கடந்தவர்களில் அது 16.6 சதவீதம். ஆகவே, வேறு நோய் எதுவுமில்லாத ஓர் இளைஞர் தீநுண்மியால் உயிருக்குப் போராடுவது விதிவிலக்கு. விதிவிலக்குக்கு விளக்கம் தேடுவதுதான் அறிவியலின் வேலை.

விளக்கங்கள் பல. கண்டறியப்படாத சர்க்கரை நோய் ஒன்று. மருத்துவமனைக்குத் தாமதமாக வருவது மற்றொன்று. முறையற்ற மருந்துகள், காற்றோட்டமற்ற இடங்களில் நெருக்கமாக வேலை செய்வது என்று பட்டியல் நீளும். இவை அனைத்தையும் ஒதுக்கிய பிறகும் சிலரின் நோய்க்குக் காரணம் புலப்படுவதில்லை. அந்தச் சிலரிடம்தான் மரபணு பேசுகிறது.

தொற்றுநோய் என்றாலே அது வெளியிலிருந்து வருவது. பரம்பரைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நாம் எண்ணுகிறோம். இந்த எண்ணத்தை அசைத்த ஆய்வு ஒன்று 1988-இல் டென்மார்க்கிலிருந்து வெளிவந்தது. 1924 முதல் 1926 வரை பிறந்து, பிறகு தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் 960 குடும்பங்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். பெற்ற தாயோ தந்தையோ 50 வயதுக்கு முன்பே தொற்றுநோயால் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த அந்தப் பிள்ளையும் தொற்றால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. வளர்த்த பெற்றோரின் தொற்று மரணத்துக்கு அத்தகைய தொடர்பு ஏதும் தென்படவில்லை. ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கியதைவிட, பிறப்பால் வந்த ஏதோ ஒன்றுக்கு வலு அதிகம் என்பதே இதன் பொருள்.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன? உடலுக்குள் நுழையும் தீநுண்மியை முதலில் எதிர்கொள்வது எதிர்ப்பொருள்கள் அல்ல. அவை உருவாகச் சில நாள்கள் ஆகும். அதற்கு முன்பே, தாக்கப்பட்ட உயிரணுக்கள் 'இன்டர்ஃபெரான்' என்ற புரதத்தை வெளியிட்டு அண்டை உயிரணுக்களை எச்சரிக்கின்றன. எச்சரிக்கை பெற்ற உயிரணுக்கள் தீநுண்மி தம்முள் பெருகாதபடி தம்மைக் காத்துக்கொள்கின்றன. கூரை வீடுகள் நிறைந்த தெருவில் முதல் வீட்டில் தீப்பிடித்தவுடன் எழும் கூக்குரல் போன்றது இது. குரல் உடனே எழுந்தால் ஒரு வீட்டோடு போகும். எழாவிட்டால் தெருவே எரியும். 1957-இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மன் ஆகிய இருவர் இந்தப் புரதத்தைக் கண்டறிந்தனர்.

அந்தக் கூக்குரல் எழுவதற்குப் பல மரபணுக்கள் ஒத்துழைக்க வேண்டும். தீநுண்மி வந்திருப்பதை உணர ஒன்று. செய்தியை உயிரணுவின் உட்கருவுக்குக் கொண்டு செல்ல ஒன்று. இன்டர்ஃபெரானைப் பெற்றுக்கொள்ளும் வாயிலாக நிற்க ஒன்று. இவற்றில் ஏதேனும் ஒன்று பழுதுபட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். 2007-இல், ஹெர்ப்பிஸ் தீநுண்மியால் மூளைக் காய்ச்சல் கண்ட இரண்டு பிரெஞ்சுக் குழந்தைகளிடம் இத்தகைய பழுது கண்டறியப்பட்டது. 2015-இல், இரண்டரை வயதில் இன்ஃபுளூயன்சாவால் உயிருக்குப் போராடிய ஒரு சிறுமியிடம் வேறொரு கண்ணி அறுந்திருப்பது தெரிந்தது. இவர்கள் எல்லா நோய்களுக்கும் ஆளானவர்கள் அல்லர். ஒரு குறிப்பிட்ட தீநுண்மியிடம் மட்டும் தோற்றவர்கள். அதனால்தான் இந்தக் குறைபாடு அதுவரை வெளியில் தெரியாமலேயே இருந்தது.

கரோனா இதை இளைஞர்களிடமும் வெளிச்சமிட்டுக் காட்டியது. 2020-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரு சோடிச் சகோதரர்கள், 21 முதல் 32 வயது வரையிலான நால்வர், செயற்கைச் சுவாசம் தேவைப்படும் நிலைக்குச் சென்றனர். நால்வரும் அதுவரை நலமாக இருந்தவர்கள். ஒருவர் உயிரிழந்தார். தீநுண்மியின் மரபுப்பொருளை மோப்பம் பிடிக்கும் டி.எல்.ஆர்.7 என்ற மரபணு நால்வரிடமும் பழுதுபட்டிருந்தது.

அது எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு. பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுகட்டும். ஆண்களுக்கு இருப்பது ஒன்றே. பின்னர் பன்னாட்டு ஆய்வாளர்கள் கடுமையான கரோனாவுக்கு ஆளான 1,202 ஆண்களைச் சோதித்தபோது 16 பேரிடம் இதே மரபணுக் குறைபாடு இருந்தது.

இந்தப் பன்னாட்டு முயற்சியை முன்னின்று நடத்தியவர்கள் ழான்-லோரான் கசனோவா, ஹெலன் சு ஆகிய இரு விஞ்ஞானிகள். உயிருக்கு ஆபத்தான கரோனாவால் தாக்குண்ட 659 பேரை ஆராய்ந்து, அவர்களில் 23 பேரிடம், அதாவது 3.5 சதவீதத்தினரிடம், இன்டர்ஃபெரான் சங்கிலியின் மரபணுக்கள் பழுதுபட்டிருந்ததை 2020-இல் அவர்கள் வெளியிட்டார்கள். அந்த 23 பேரில் நால்வரின் நிலை வியப்புக்குரியது. 25 முதல் 50 வயது வரையிலான அவர்களுக்கு முக்கியமான ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் முற்றிலும் செயலிழந்திருந்தன. ஆயினும், கரோனா வரும்வரை அவர்கள் எந்தத் தீநுண்மியாலும் உயிராபத்தைச் சந்தித்ததில்லை. 'நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தான்' என்று நம் வீடுகளில் சொல்லப்படும் வாக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான மருத்துவ விளக்கம் இருக்க முடியாது.

இன்னொரு வழியிலும் இதே சங்கிலி அறுபடலாம். சிலரின் உடல் தன் சொந்த இன்டர்ஃபெரானையே பகையாகக் கருதி எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிடுகிறது. அதே குழுவினர் கடும் நோயுற்ற 987 பேரைச் சோதித்ததில் 101 பேரிடம் இத்தகைய எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவர்களில் 95 பேர் ஆண்கள். இது பெரும்பாலும் முதியவர்களிடம் காணப்படுவது. இளையோரிடம் பிறவிக் குறைபாடு, முதியோரிடம் பிற்காலத்தில் தோன்றிய பகை. விளைவு மட்டும் ஒன்றே.

இவையெல்லாம் அரிதான, ஆனால் வலுவான பழுதுகள். இவற்றோடு, மக்களிடையே பரவலாகக் காணப்படும் சிறு சிறு மரபணு வேறுபாடுகளும் உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கென்னத் பெய்லி தலைமையிலான குழு பிரிட்டனின் 208 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 2,244 நோயாளிகளை ஆராய்ந்து, அழற்சியைத் தூண்டும் டி.ஒய்.கே.2 என்ற மரபணு உள்ளிட்ட சிலவற்றை அடையாளம் கண்டது. இந்த அறிவு ஏட்டோடு நிற்கவில்லை. அந்த அழற்சிப் பாதையைக் கட்டுப்படுத்தும் பாரிசிடினிப் என்ற மூட்டுவாத மருந்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கரோனா நோயாளிகளின் இறப்பை 13 சதவீதம் குறைத்தது என்று பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு 2022-இல் அறிவித்தது. மரபணுவில் கிடைத்த தடயம் மருந்துக்கு வழிகாட்டும் என்பதற்கு இது சான்று.

இந்தியர்கள் கவனிக்க வேண்டிய எச்சரிக்கையும் இதில் உண்டு. மூன்றாவது குரோமோசோமில் உள்ள, கரோனாவைக் கடுமையாக்கும் ஒரு பகுதி நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்தது என்று ஹியூகோ செபெர்க், ஸ்வாந்தே பாபோ ஆகியோர் 2020-இல் காட்டினார்கள். தெற்காசியாவில் ஏறத்தாழ பாதிப் பேரும் ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரும் அதைச் சுமக்கிறார்கள் என்பது அவர்களின் கணக்கு. அப்படியானால் நாம்தான் பெரிதும் பாதிக்கப்பட வேண்டியவர்கள் என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். ஆனால், ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜ் உள்ளிட்ட இந்திய விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, ஐரோப்பியர்களிடம் நோயைக் கடுமையாக்கிய அந்த வேறுபாடுகள் தெற்காசியர்களிடம் அதே பங்கை ஆற்றுவதாகத் தெரியவில்லை. ஐரோப்பாவில் எழுதப்பட்ட மரபணு அகராதியைக் கொண்டு நம் உடலைப் படித்துவிட முடியாது. நமக்கான அகராதியை நாமே எழுத வேண்டும்.

தமிழகத்துக்கு அந்த அகராதி கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 11 சதவீதப் பெண்கள் ரத்த உறவில் மணம் செய்தவர்கள். தமிழகத்தில் அது 28 சதவீதம். தாய்மாமனையும், அத்தை மகனையும், மாமன் மகளையும் உரிமையாகக் கருதும் வழக்கம் நம்முடையது. பெரும்பாலான மரபணுக்களில் நமக்கு இரண்டு பிரதிகள் உள்ளன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானால் மற்றொன்று பெரும்பாலும் காப்பாற்றும். ஆனால், பெற்றோர் இருவரும் ஒரே பாட்டன் பாட்டியின் வழிவந்தவர்களானால், அதே பழுதான பிரதி இரு பக்கமிருந்தும் குழந்தைக்கு வந்து சேரலாம். ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக அமையும் வாய்ப்பு, அத்தை, மாமன் மக்களுக்கிடையிலான திருமணத்தில் 16-இல் ஒன்று. தாய்மாமன் திருமணத்தில் 8-இல் ஒன்று.

நெருங்கிய உறவில் மணம் செய்யாவிட்டாலும் இந்தச் சிக்கல் முற்றாக நீங்குவதில்லை. நூற்றாண்டுகளாகத் தத்தம் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்துவருவதால், தெற்காசியாவில் ஆராயப்பட்ட 263 சமூகக் குழுக்களில் 81 குழுக்கள், மரபணு நோய்களுக்குப் பெயர்பெற்ற ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் குறுகிய மரபணுப் பின்னணி கொண்டவை என்று 2017-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. இதில் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரெய்க்கும் பங்கேற்றனர்.

இங்கே இரண்டு தவறான முடிவுகளைத் தவிர்க்க வேண்டும். இந்தச் சாதிக்கு இந்த நோய் என்று முத்திரை குத்துவது முதல் தவறு. பழுதான மரபணு இல்லாத சமூகம் உலகில் எதுவுமில்லை. வேறுபடுவது எந்த மரபணு என்பது மட்டுமே. தாயைக் குற்றம் சாட்டுவது இரண்டாவது தவறு. எக்ஸ் குரோமோசோம் வழியாகக் குறைபாடு வந்தது என்று கேட்டவுடன் 'அவள் வழி வந்தது' என்று விரல் நீட்டும் வீடுகள் நம்மிடம் உண்டு. எந்த மரபணுவைக் கொடுப்பது என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை, தந்தையும் அப்படித்தான். உறவில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் நலமாகவே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கரோனா ஓய்ந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தமிழகம் டெங்குவைச் சந்திக்கிறது. பலர் காய்ச்சலோடு தப்பிக்க, சிலர் மட்டும் ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குச் செல்கிறார்கள். வியத்நாமில் அத்தகைய 2,008 குழந்தைகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, இரண்டு மரபணுக்களில் அதற்கான தொடர்பைக் கண்டது. இன்ஃபுளூயன்சாவும், மூளைக் காய்ச்சலும் நம்மோடு இருக்கின்றன. அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது.

அதே வேளையில், மரபணுவைப் பேசும் ஆர்வத்தில் சாலையை மறந்துவிடக் கூடாது. திருக்கோவிலூருக்கு மேற்கே, கள்ளக்குறிச்சியைக் கடந்தால் கல்வராயன் மலை. அங்கு வாழும் பழங்குடி மக்களின் சாலை, மருத்துவம் உள்ளிட்ட அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் தாமாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் ஏற முடியாத ஊரில் எந்த மரபணுவும் காப்பாற்றாது. நல்ல மரபணு உள்ளவரும் தாமதத்தால் இறக்கலாம். பழுதான மரபணு உள்ளவரும் உரிய நேரத்தில் ஆக்சிஜன் கிடைத்தால் பிழைக்கலாம். நெதர்லாந்தின் அந்த நால்வரில் மூவர் பிழைத்தது நல்ல தீவிர சிகிச்சை எட்டும் தொலைவில் இருந்ததால்தான். மரபணு என்பது தீர்ப்பு அல்ல. முன்கூட்டியே கிடைக்கும் எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கையைப் பெறுவதற்குப் பெரும் செலவு தேவையில்லை. முதற்கட்டத்தில் ஒரு கேள்வி போதும். 'உங்கள் குடும்பத்தில் இளம் வயதில் காய்ச்சலாலோ தொற்றாலோ இறந்தவர்கள், தீவிர சிகிச்சை பெற்றவர்கள் யாரேனும் உண்டா?' தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதிக்கிறார்கள். அந்தப் படிவத்தில் இந்தக் கேள்வியையும், பெற்றோர் ரத்த உறவினரா என்ற கேள்வியையும் சேர்க்க இயலும்.

இரண்டாம் கட்டம் மருத்துவமனையில். வேறு காரணம் புலப்படாமல் ஓர் இளைஞர் தீநுண்மியால் கவலைக்கிடமானால், குடும்பத்தினரின் இசைவோடு அவரது ரத்த மாதிரியைப் பாதுகாப்பதை வழக்கமாக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. திருக்கோவிலூர் வழியாகச் செல்லும் விழுப்புரம்-காட்பாடி ரயில் பாதை, மரபியல் துறைக்குப் பெயர்பெற்ற கிறித்துவ மருத்துவக் கல்லூரி உள்ள வேலூரை இணைக்கிறது. பிறவி எதிர்ப்பாற்றல் குறைபாடுகளைக் கண்டறிவதில் மும்பையிலுள்ள தேசிய நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. மாதிரி பயணிக்க வழி இருக்கிறது. அனுப்பும் பழக்கம்தான் வேர்விட வேண்டும்.

மூன்றாவது, ஆய்வு. பத்தாயிரம் இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நலமானவர்களின் மரபணு எப்படி இருக்கும் என்பதற்கான அடித்தளம் அது. அதனுடன் ஒப்பிட, தீநுண்மியால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இளையோரின் தரவுகள் தேவை. மலைவாழ் மக்களிடமும் எளிய மக்களிடமும் மாதிரி எடுப்பவர்கள் அவர்களுக்குப் புரியும் மொழியில் இசைவு பெற வேண்டும். முடிவையும் சிகிச்சையையும் அவர்களிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

குறைபாடு தெரிந்துவிட்டால் என்ன செய்வது? செய்வதற்கு நிறைய உண்டு. இன்டர்ஃபெரான் குறைபாடு உள்ளவர்களின் உடலும் பெரும்பாலும் எதிர்ப்பொருள்களை உருவாக்க வல்லது. ஆகவே, இன்ஃபுளூயன்சா, கரோனா தடுப்பூசிகள் அவர்களுக்கு மற்றவர்களைவிட அவசியம். உயிருள்ள கிருமியைக் கொண்ட சில தடுப்பூசிகளை மருத்துவரின் ஆலோசனையின்றிப் போட்டுக்கொள்ளக் கூடாது. காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள்வரை காத்திராமல் முதல் நாளே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திருமணத்துக்கு முன் மரபியல் ஆலோசனை பெறலாம்.

இளம் மகனையோ மகளையோ பறிகொடுத்த வீட்டில், பதினாறாம் நாள் காரியத்தோடு உறவினர்கள் கலைந்துவிடுகிறார்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதப்பட்டு, கோப்பு மூடப்படுகிறது. ஆனால், அந்த வீட்டில் ஒரு தம்பி இருக்கிறான். அதே தாய், அதே தந்தை, அதே மரபணுவைச் சுமந்திருக்கக்கூடிய உடல். அண்ணனுக்கு ஏன் அப்படி நேர்ந்தது என்று எவரேனும் கேட்டிருந்தால், அடுத்த மழைக்காலத்தில் அவனுக்கு வரும் காய்ச்சலைப் பார்க்கும் மருத்துவர் சற்று விரைந்து செயல்படுவார். இறந்தவருக்காகக் கேட்கத் தவறிய கேள்வியை, இருப்பவருக்காகவேனும் நாம் கேட்டாக வேண்டும்.